ஒன்றரைக் கிலோமீட்டர் வட்டம்

2010-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பிஎம்டபிள்யூ கார் வாங்கியவர்களுக்குக் கைப்பேசியில் ஒரு செயலி கிடைத்தது. வீட்டில் உட்கார்ந்தபடியே காரின் கதவைப் பூட்டலாம், திறக்கலாம், முகப்பு விளக்கை மின்னவைக்கலாம். எங்கே நிறுத்தினோம் என்பது மறந்துபோனால் வரைபடத்தில் பார்க்கவும் முடியும். இந்தக் கடைசி வசதிக்கு மட்டும் ஒரு வேலி போட்டிருந்தார்கள். தேடுகிறவர் காரிலிருந்து சுமார் 1.5 கிலோமீட்டருக்குள் நிற்க வேண்டும். தாண்டி நின்றால் கார் இருக்கும் இடம் தெரியாது. ஏன் என்று கேட்டால் தரவுப் பாதுகாப்பு என்பதே பதில்.

மியூனிக் நகரில் கார் மென்பொருள் எழுதும் வேலையில் இருப்பவள் நான். இந்த வேலியின் மீது எரிச்சல்படாத கார்க்காரரை அபூர்வமாகத்தான் சந்தித்திருக்கிறேன். கோயம்புத்தூரில் இருக்கும் என் அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: “ஏன் அம்மிணி, பணம் குடுத்து வாங்குன சொந்த வண்டியைப் பாக்கறதுக்கு எவங்கிட்டப் பர்மிசன் கேக்கோணும்?” நியாயமான கேள்வி. கார் நிற்கும் இடம் தெரிந்தால் அதை ஓட்டிப் போன மனிதர் இருக்கும் இடமும் தெரிந்துவிடுகிறது, அந்த மனிதர் எப்போதும் காரின் சொந்தக்காரராகவே இருப்பதில்லை என்று அவருக்குச் சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை. இதற்குப் பின்னால் நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை இல்லை.

தொலைந்த காரை மின்னணுக் கருவி கொண்டு தேடும் தொழில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1986-இல் தொடங்கியது. லோஜாக் என்ற அந்த நிறுவனத்தை ஆரம்பித்தவர் வில்லியம் ரீகன், அந்த மாநிலத்தின் மெட்ஃபீல்டு என்ற ஊரில் காவல்துறைப் பொறுப்பில் இருந்தவர். காருக்குள் ஒரு சிறிய வானொலிப் பெட்டியை ஒளித்துவைப்பார்கள். எந்த மூலையில் வைத்தார்கள் என்பதை வண்டிக்காரருக்கே சொல்ல மாட்டார்கள். கார் களவு போனால் அவர் போலீஸில் புகார் கொடுக்க வேண்டும். புகார் கணினியில் ஏறியதும் கோபுரங்களிலிருந்து ஒரு சமிக்ஞை போகும், காருக்குள் உறங்கிக்கிடந்த பெட்டி விழித்துக்கொண்டு பதில் கொடுக்கும். அந்தப் பதிலைக் கேட்கும் கருவி ரோந்து கார்களில் மட்டுமே இருந்தது. தேடல் தொடங்கி முடியும்வரை உரிமையாளருக்கு எதுவும் தெரியாது. அதாவது இந்தத் தொழில் பிறந்தபோதே, தன் காரைப் பார்க்கும் வாய்ப்பு சொந்தக்காரருக்குக் கொடுக்கப்படவில்லை. அதில் ஒரு நன்மை இருந்தது. புகார் இல்லாமல் யாரும் எந்தக் காரையும் தேட முடியாது. புகார் என்றால் அதற்கு ஒரு காகிதம், ஒரு கையெழுத்து, பொய்யென்றால் தண்டனை.

பத்து ஆண்டு கழித்து, 1996 பிப்ரவரியில், சிகாகோ கார்க் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆன்ஸ்டார் சேவையை அறிவித்தது. முதலில் காடிலாக் கார்களில் வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் மறுமுனையில் ஒரு ஆள் பேசுவார். நீங்கள் நிற்கும் இடம் அவருக்குத் திரையில் தெரியும். கார் திருடுபோனால் அங்கேயும் புகார் பதிவான பிறகுதான் தேடல், இடத்தைச் சொல்வதும் போலீஸுக்குத்தான். சொந்தக்காரரே துப்பாக்கியோடு திருடனைத் துரத்திக்கொண்டு போய்விடக் கூடாது என்ற கவலையும் அதில் கலந்திருந்தது.

அப்போது ஜிபிஎஸ் அவ்வளவு துல்லியமாக இல்லை. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்துகொண்டிருந்தது. சுமார் 100 மீட்டர் வரை தவறும். 2000 மே மாதத் தொடக்கத்தில் கிளின்டன் அரசு அந்தப் பிழையை நிறுத்தியது. அதற்கு முன்பு எந்தத் தெரு என்று தெரிந்தது. பிறகு எந்த வீட்டு வாசல் என்பதே தெரிந்தது. மருத்துவமனை வாசலா, வழக்கறிஞர் அலுவலக வாசலா, பழைய காதலனின் வீட்டு வாசலா என்று வரைபடத்தில் பிரித்தறிய முடிந்தது அதற்குப் பிறகுதான்.

ஜெர்மனியின் கதை வேறு இடத்திலிருந்து வருகிறது. என் அலுவலகத்தில் ஓய்வுபெறும் நிலையில் ஒருவர் இருந்தார், மின்சுற்றுப் பொறியாளர். 1987 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தானும் நண்பர்களும் படிவத்தின் மூலையில் இருந்த எண்ணைக் கத்தரித்துவிட்டு அனுப்பியதை மதிய உணவின்போது பெருமையோடு சொல்வார். அந்த ஊர்க்காரர்களுக்கு அது சாதாரண நினைவு. உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 1970-இல் ஹெஸ்ஸன் மாநிலத்தில் வந்தது. 1983-இல் கூட்டரசு நடத்தவிருந்த கணக்கெடுப்பை எதிர்த்து மக்கள் திரண்டார்கள். கார்ல்ஸ்ரூவில் இருக்கும் அரசியல் சாசன நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. டிசம்பர் 15 அன்று வந்த தீர்ப்பு, தன்னைப் பற்றிய தகவலை யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றது. தன்னைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்று அறியாத மனிதர் பயந்து பயந்து நடப்பார், கூட்டத்துக்குப் போவதைக்கூடத் தவிர்ப்பார், அது ஜனநாயகத்துக்கே கேடு என்பது நீதிபதிகளின் வாதம். ஒரு செயலியின் வரைபடத்தை ஒன்றரைக் கிலோமீட்டரில் நிறுத்தியதன் வேரை நான் இந்தத் தீர்ப்பில்தான் பார்க்கிறேன்.

கார் நேரடியாக நீதிமன்றத்துக்கு வந்தது உசுன் வழக்கில். ஏகாதிபத்திய எதிர்ப்புக் குழு என்ற தீவிர இடதுசாரி அமைப்பின் குண்டுவெடிப்புகளில் சந்தேகத்துக்கு உள்ளானவர் அவர். அவரும் கூட்டாளியும் பயன்படுத்திய காரில் போலீஸ் முதலில் வானொலிக் கருவிகளை ஒளித்துவைத்தது; இருவரும் அவற்றைக் கண்டுபிடித்து அழித்துவிட்டார்கள். 1995 டிசம்பரில் அதே காரில் ஜிபிஎஸ் கருவி பொருத்தப்பட்டது. நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தையும் வேகத்தையும் குறித்துவைக்கும். கண்டுபிடித்துவிடக் கூடாதென்று அந்தத் தகவலை இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் எடுத்தார்கள். 1996 பிப்ரவரியில் இருவரும் கைதானார்கள்.

கார் உசுனுடையது இல்லை, கூட்டாளியினுடையது. ஆனாலும் கண்காணிக்கப்பட்டது தன் அந்தரங்கம் என்று அவர் வாதாடினார். 2005 ஏப்ரலில் ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றமும் 2010 செப்டம்பரில் ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் போலீஸ் செய்தது சரி என்றன. அவ்வளவு கடுமையான குற்றம், வேறு வழியும் தோற்றிருந்தது. ஆனால் ஸ்ட்ராஸ்பூர்கின் தீர்ப்பு ஒன்றை மறுக்கவில்லை. அடுத்தவர் காரில் வைத்த கருவியும் அதில் பயணித்தவரின் அந்தரங்கத்தில் தலையிட்டிருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வழக்கில் முக்கியமானது அந்த ஒரு பகுதிதான். காரின் சொந்தக்காரர் யார் என்பதும், அந்தப் பயணம் யாருடையது என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள்.

2005 ஜனவரியில் ஜெர்மனியில் சரக்கு லாரிகளுக்கான சுங்க வசூல் செயற்கைக்கோள் வழியே தொடங்கியது. 12 டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள லாரிகள் நெடுஞ்சாலையில் எத்தனை தூரம் போகின்றன என்று கணக்கிட்டுப் பணம் வசூலிக்கும் ஏற்பாடு. அதற்காகத் திரட்டிய தகவலைச் சுங்கத்துக்குத் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே சொல்லியிருந்தது. அதே ஆண்டில் தெற்கு ஜெர்மனியில் நெடுஞ்சாலை வாகன நிறுத்தம் ஒன்றில் காவலாளி ஒருவரை லாரி ஏற்றிக் கொன்றுவிட்டார்கள். சுங்கத் தகவலைக் கொடுத்தால் லாரியைக் கண்டுபிடிக்கலாம் என்று போலீஸ் கேட்டது. சட்டம் இடம் கொடுக்கவில்லை. நாடு முழுக்க விவாதம் நடந்தது, உள்துறை அமைச்சர் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்றார். இதை எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது. செத்தவரின் குடும்பத்துக்கு அந்த விதி என்ன ஆறுதல் தரும்? இருந்தாலும் ஒரு காரணத்துக்காகச் சேர்த்த தகவலை இன்னொரு காரணத்துக்கு எடுத்தால், மூன்றாவது காரணம் தானாக வந்து நிற்கும் என்று நினைக்கிறவள் நான்.

இந்தப் பின்னணியில்தான் கைப்பேசிச் செயலிகள் வந்தன. அவற்றை எழுதியவர்கள் யாரை மனதில் வைத்திருக்க வேண்டியிருந்தது என்று பாருங்கள். ஜெர்மனியில் புதிதாகப் பதிவாகும் கார்களில் பாதிக்கும் மேல் தனிநபர் பெயரில் இருப்பதில்லை. நிறுவனங்களின் பெயரில் இருக்கின்றன. ஊழியர் அந்தக் காரை வீட்டுக்கு எடுத்துப்போவார், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கோ தொழிற்சங்கக் கூட்டத்துக்கோ போவார். ஊழியரைக் கண்காணிக்கக்கூடிய எந்தக் கருவியையும் தொழிலாளர் குழுவின் சம்மதமில்லாமல் பொருத்தக் கூடாது என்று 1972-இன் சட்டம் சொல்கிறது. முதலாளியின் கைப்பேசியில் காரின் இடம் தெரிந்தால் அந்தச் சட்டத்துக்கு என்ன மதிப்பு? வீட்டுக்குள்ளும் அதே நிலைதான். மனைவி, கணவன், பிள்ளை, பக்கத்து வீட்டு நண்பர் எல்லோரும் ஓட்டும் கார் ஒருவர் பெயரில் மட்டும் பதிவாகியிருக்கும். துணையைச் சந்தேகிப்பவர்களின் பணத்தில் பிழைத்த துப்பறியும் நிறுவனங்கள் கார்களுக்கு அடியில் ஜிபிஎஸ் கருவியை ஒட்டிவந்தன. 2013 ஜூனில் கூட்டரசு உயர் நீதிமன்றம் அது குற்றம் என்று உறுதிசெய்தது; மிக வலுவான, நியாயமான காரணம் இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. கருவி ஒட்டுவது குற்றமென்றால், தொழிற்சாலையிலேயே பொருத்திக்கொடுத்த கருவியைச் செயலியில் திறந்துவிடுவது எப்படிச் சரியாகும்?

ஒன்றரைக் கிலோமீட்டர் என்பது இதற்குக் கண்ட தீர்வு. பெரிய பார்க்கிங் கட்டடத்தில், அந்நிய ஊரின் ஒன்றுபோல் தெரியும் தெருக்களில் காரைத் தொலைத்தவருக்கு அந்தத் தூரம் போதும். நகரின் மறுகோடியில் மனைவி யாரைப் பார்க்கிறாள் என்று வீட்டு சோபாவிலிருந்து பார்ப்பவருக்குப் போதாது. என் மகள் ஓட்டுநர் உரிமம் வாங்கிய சமயம், எங்கள் காரின் செயலியில் அவள் போகுமிடம் தெரியுமா என்று முதல் வேலையாகக் கேட்டாள். தெரியும்படி வைக்கலாம் என்றேன். “அப்படி வெச்சா நான் ரயில்லயே போய்க்கறேன்ம்மா” என்றாள். கோபம் ஒன்றும் இல்லை, சும்மா தகவல் சொல்வதுபோலச் சொன்னாள். அவளிடம் ஒளிக்க எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். நீதிபதிகள் 1983-இல் எழுதியதும் அதுதானே: பார்க்கப்படுகிறோம் என்ற நினைப்பே மனிதரின் நடையை மாற்றிவிடும். அந்த அமைப்பை அணைத்துவிட்டேன்.

ஆக, அந்த வட்டம் எனக்கு உடன்பாடானது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் வேறொரு குறை தெரியும். காருக்கு என்று தனி சிம் உண்டு, கூரையில் ஆன்டெனா உண்டு. காரின் இடமும் தேடுகிறவரின் இடமும் ஒரே கணக்கில் சேர்ந்தால்தான் இடைவெளியை அளக்க முடியும். காரைப் பார்க்க விரும்புபவர் தன்னையும் காட்ட வேண்டும். எனவே வேலி ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது: வண்டிக்காரர் பக்கம். தகவலைத் திரட்டும் அமைப்புக்கு ஒன்றரைக் கிலோமீட்டரும் இல்லை, ஒன்றரை லட்சமும் இல்லை.

இது வெறும் கற்பனைக் குறை இல்லை என்பதைக் கொலோன் நகரில் 2016 மே மாதம் முடிந்த ஒரு வழக்கு காட்டியது. பிஎம்டபிள்யூவும் சிக்ஸ்ட் நிறுவனமும் சேர்ந்து நடத்திய டிரைவ்நவ் என்ற வாடகைப் பகிர்வுச் சேவையின் காரை வேகமாக ஓட்டி ஒருவர் சைக்கிளில் வந்தவரைக் கொன்றிருந்தார். நீதிமன்றம் கேட்டதும் நிறுவனம் அந்தப் பயணத்தின் தகவலைக் கொடுத்தது. எந்த வழியில் எந்த வேகத்தில் போனார் என்பது அதில் இருந்தது. ஓட்டியவருக்கு 2 ஆண்டு 9 மாதச் சிறை. பகிர்வுச் சேவைக்கென்று பொருத்திய தனிக் கருவியிலிருந்து வந்த தகவல் அது, சாதாரணமாக விற்கும் கார்களில் அப்படி இல்லை என்றார்கள். குற்றவாளி தண்டனை பெற்றதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. ஆனால் பயணத்தின் ஒவ்வொரு தெருவும் எங்கோ ஒரு சேமிப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பது பொதுமக்களுக்குத் தெரியவந்தது ஒரு சாவுக்குப் பிறகுதான்.

சட்டம் நினைத்தால் தகவலை எவ்வளவு குறுக்க முடியும் என்பதற்கு ஈகால் நல்ல உதாரணம். 2018 மார்ச் 31 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெறும் புதிய கார் வகைகளில் அது கட்டாயம். மோதல் நடந்து காற்றுப்பை விரிந்தால் கார் தானாக 112-க்கு அழைத்து இடத்தைச் சொல்லும். மோதல் நடக்கும்வரை அது ஊமை. இடைவிடாமல் அழித்துக்கொண்டே வர வேண்டும், கடைசி மூன்று இடங்களுக்கு மேல் நினைவில் வைக்கக் கூடாது என்பது விதி. காருக்கு மூன்று இடம் மட்டும் ஞாபகம் இருந்தால் போதும் என்று எண்ணிச் சட்டம் எழுதியவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஒரு குறியீட்டாளராக அந்த வரியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரியது.

அமெரிக்காவில் வேலி இறங்கிக்கொண்டே வந்தது. 2011-இல் ஆன்ஸ்டார், சந்தாவை நிறுத்தியவர்களின் காரிலிருந்தும் தகவல் எடுப்போம் என்று அறிவித்தது. செனட்டர்கள் எதிர்த்ததும் அதே ஆண்டு செப்டம்பரில் பின்வாங்கியது. பிறகு குடும்பத்தார் காரின் இடத்தைப் பார்க்கும் வசதி மாதக் கட்டணத்துக்கு வந்தது. அதைக் கொடுமைக்காரக் கணவர்களும் பயன்படுத்திக்கொண்டார்கள். வீட்டைவிட்டு ஓடிவந்த பெண்ணின் காரைப் பதிவுப் பெயர் கணவருடையது என்பதால் அவரே தொடர்ந்து பார்த்த கதைகள் பத்திரிகைகளில் வெளிவந்தன. பெண் கேட்டாலும் நிறுவனங்கள் கையை விரித்தன: உரிமையாளர் அவர்தான். 2024-இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது. குடும்ப வன்முறைக்கு உள்ளானவர் ஆவணத்தோடு கேட்டால் இரண்டு வேலை நாளுக்குள் மற்றவரின் தொடர்பைத் துண்டிக்க வேண்டும், பதிவு யார் பெயரில் இருந்தாலும் சரி. “யார் பெயரில் இருந்தாலும்” என்பதை என் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். இந்த முறை அவர் பேசவில்லை.

வேலி தவறான இடத்தில் உயர்ந்து நின்ற நிகழ்ச்சியும் உண்டு. 2023 பிப்ரவரியில் இல்லினாய் மாநிலத்தில் ஒரு ஃபோக்ஸ்வாகன் காரைப் பறித்துக்கொண்டு போனார்கள். உள்ளே இரண்டு வயதுக் குழந்தை. காரின் இடத்தைக் கேட்ட போலீஸிடம், சேவையின் இலவசக் காலம் முடிந்துவிட்டது, 150 டாலர் கட்டினால்தான் தேட முடியும் என்றார் மறுமுனையில் இருந்தவர். குழந்தை நல்லபடியாகக் கிடைத்தது, நிறுவனம் நடைமுறை மீறப்பட்டதாக ஒப்புக்கொண்டது. அந்தரங்கத்துக்காக எழுப்பிய வேலியும் காசுக்காக எழுப்பிய வேலியும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவசரத்தில் எது எதற்காக என்று தெரிந்துவிடுகிறது. ஜெனரல் மோட்டார்ஸோ இடத் தகவலையும் ஓட்டும் பழக்கத்தையும் காப்பீட்டுத் துறைக்கு விவரம் விற்கும் நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்தது. சில நேரம் 3 வினாடிக்கு ஒருமுறைகூடப் பதிவு நடந்தது என்று குற்றம்சாட்டிய கூட்டாட்சி வர்த்தக ஆணையம், 2025 ஜனவரியில் அதற்கு 5 ஆண்டுத் தடையை முன்வைத்தது.

ஜெர்மனியில் நான் அஞ்சியது 2024 டிசம்பர் கடைசியில் வந்தது. ஹாம்பர்க்கில் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்பின் ஆண்டு மாநாட்டில், “உன் கார் எங்கே நிற்கிறது என்று எங்களுக்குத் தெரியும்” என்ற தலைப்பில் ஓர் உரை. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் மென்பொருள் நிறுவனமான காரியாட், சுமார் 8 லட்சம் மின்சார கார்களின் தகவலை மேகச் சேமிப்பில் போதிய பாதுகாப்பின்றி மாதக்கணக்கில் வைத்திருந்தது. சுமார் 4.6 லட்சம் கார்களுக்கு, மோட்டார் அணைக்கப்பட்ட இடங்கள் இருந்தன. அரசியல்வாதிகளின் கார்கள், ஹாம்பர்க் போலீஸின் கார்கள் எல்லாம் அதில் இருந்தன. ஃபோக்ஸ்வாகன், சியாட் கார்களின் இடம் பத்து சென்டிமீட்டர் துல்லியத்தில் பதிவாகியிருந்தது. அதே குழுமத்தின் ஆடி, ஸ்கோடா கார்களுக்கோ துல்லியம் பத்து கிலோமீட்டர்தான். அட்சரேகையில் தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்தோடு நிறுத்தினால் பத்து கிலோமீட்டர் அளவுக்கு வரும். மீதி இலக்கங்களை வெட்டுவது ஒரு வரி நிரல். ஒரு பிராண்டுக்குச் செய்ய முடிந்தது இன்னொன்றுக்கும் முடிந்திருக்கும்.

2025 செப்டம்பர் 12 முதல் ஐரோப்பாவில் தரவுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கார் உருவாக்கும் தகவலைப் பயனாளர் கேட்டால் நிறுவனம் கொடுக்க வேண்டும். என் அண்ணன் கேட்டதற்கு ஒருவகையில் அவர் பக்கம் தீர்ப்பு வந்ததுபோல. அதற்குள்ளேயே இன்னொரு விதியும் இருக்கிறது: கேட்பவர் அந்தத் தகவலுக்குரிய நபர் இல்லை என்றால், தனிநபர் தகவலைக் கொடுக்கத் தனியே சட்ட அடிப்படை வேண்டும். கணவர் பெயரில் பதிவான காரை வாரத்தில் நான்கு நாள் மனைவி ஓட்டுகிறார். கணவர் முழுத் தகவலும் வேண்டும் என்கிறார். எந்தப் பயணம் யாருடையது என்பது காருக்குத் தெரியாது, நிறுவனத்துக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஓட்டுபவரின் முகத்தையோ கைப்பேசியையோ அடையாளம் காணும் கருவி ஒன்றைக் கூடுதலாகப் பொருத்த வேண்டும். அப்படிப்பட்ட கருவிகள் புதிய கார்களில் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கின்றன.